சராசரி பதினாலு

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
செயல்பாடு. நிலைத்தன்மை. போக்கு.
நான் பனிவாரி ஓட்டுபவன்.
டுலூத் நகராட்சித் தொழிலாளர் ஓய்வூதியக் குழுவில்
கை தூக்கும் ஏழு பேரில் ஒருவன்,
வேறு யாரும் நிற்காததால் ஜெயித்தவன்.

மினியாபொலிஸிலிருந்து வந்திருக்கிறாள் மார்கிட் ஓஸ்ட்பி.
ஈரக் காலணியைக் கதவருகே கழற்றிவிட்டுக்
காலுறையோடு நின்று பேசுகிறாள்.
சரக்குக் குறியீட்டு நிதி:
கச்சா எண்ணெய், சோளம், தாமிரம், கோதுமை,
கொஞ்சம் உயிருள்ள மாடு.
எல்லாம் ஒரே கூடையில்.
கூடைதான் எங்கும் இல்லை.

ஐந்தாண்டில் கோதுமை ஏறியிருக்கிறது
எண்ணெய் ஏறியிருக்கிறது
எங்கள் பணம் ஏறவில்லை.
அதெப்படி என்றேன்.
காலாவதியாகப்போகும் ஒப்பந்தத்தை விற்று
அடுத்த மாதத்தை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்,
அடுத்த மாதம் பெரும்பாலும் விலை கூட, என்றாள்.
சாண் ஏறி முழம் சறுக்கவில்லை நாங்கள்,
சாண் ஏறி
சாணுக்கு வாடகை கட்டியிருக்கிறோம்.

ஜன்னலுக்கு அப்பால்
பருவத்தின் கடைசிக் கப்பலுக்குள்
நிஜக் கோதுமை கொட்டிக்கொண்டிருந்தது.
அதில் ஒரு மணியும் எங்களுடையது இல்லை.
எங்களுடையது
அது நாளை என்ன விலை என்கிற பேச்சு.

அலைவு பத்தொன்பது சதவீதம், என்கிறாள்.
சராசரியைப் பார்த்தால் பயமில்லை, என்கிறார்
தலைவர் லெஸ்டர் கங்காஸ்.

எனக்கும் ஒரு சராசரி தெரியும்.
போன பிப்ரவரி, ஊருக்கு வடக்கே ஏரி.
துளை போட்டோம்: பனிக்கட்டி இருபத்திரண்டு அங்குலம்.
நாற்பதடி தள்ளி, அடியில் ஊற்று இருக்கும் இடத்தில், ஆறு.
சராசரி பதினாலு. வண்டி போகலாம்.
என் மச்சான் வார்னரின் வண்டி போனது.
முன்சக்கரம், பிறகு கதவு.
முகப்பு விளக்குகள் தண்ணீருக்கடியில்
வெகுநேரம் எரிந்துகொண்டிருந்தன.
வார்னர் தப்பித்தான்,
வண்டியில் இருந்த மீனுக்காக இன்னும் வருந்துகிறான்.

யாரோ சிரித்தார்கள். மார்கிட் சிரிக்கவில்லை.
வரைபடத்தின் ஒரு பள்ளத்தில் பேனாவை வைத்து
உங்கள் ஊற்று இங்கே, என்றாள்.

அடுத்து அவள் சொன்னது பிடிக்கவில்லை, ஆனால் சரி.
டீசல் விலை ஏறி
என் பனிவாரி பாதித் தொட்டியோடு ஓடிய குளிர்காலத்தில்
மற்றதெல்லாம் விழ, இது ஒன்றுதான் நின்றது.
அதாவது
ஐனோ ரிந்தாலா ரொட்டிக்கு அதிகம் கொடுக்கும் மாதத்தில்
ஐனோவின் காசோலைக்குக் காவல் இந்த நிதி.
அவள் கணவர் இருபத்தொன்பது வருடம் சாலையில் உப்புத் தூவியவர்.
காசோலை ஆயிரத்து நூற்று நாற்பத்துமூன்று டாலர்.
தன் பசிமேல் தானே பந்தயம் கட்டுவது
மடத்தனமா புத்தியா,
அதற்குக் கட்டம் இல்லை.

நாலுக்கு மூன்று. பாதியை விற்போம், பாதியை வைத்திருப்போம்.
என் கை எந்தப் பக்கம் என்பது பதிவேட்டில் இருக்கிறது.

செயல்பாடு: சுமார், என்று எழுதினேன்.
நிலைத்தன்மை: இடத்துக்கு இடம் வேறு.
போக்கு என்ற கட்டத்தில் வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை.
கடைசியில்,
மார்ச்சில் மறுபடி துளை போட்டுப் பார்க்கவும்.

எழுத்தர் அதை அடித்துவிட்டு
கண்காணிப்பில் உள்ளது
என்று தட்டச்சு செய்தாராம்.