நாலு விரற்கடை

காரைநகர் வாடியிலிருந்து மயிலிட்டித் துறைக்கு
ஒரு படகு தரையால் போகிறது.
பிலேந்திரனின் லொறி இழுக்கிறது.
அதற்கு முன்னால், மோட்டார் சைக்கிளில், நான்.
பின்சீற்றில் நிமிர்த்திக் கட்டிய மூங்கில்,
படகின் உச்சியைவிட ஒரு சாண் கூட,
நுனியில் ஆட்டு மணி.
மணி கிலுங்கினால் கம்பி பதிவு என்று அர்த்தம்.
கை தூக்குவேன். பிலேந்திரன் பிறேக் மிதிப்பான்.
இந்த வேலைக்குச் சம்பளம் உண்டு, பெயர் இல்லை.
"முன்னுக்குப் போற பெட்டை" என்பார்கள்.
எனக்கு நாற்பத்தொரு வயது.

பொன்னாலைப் பாலம் மட்டும் சுகம்.
இரண்டு பக்கமும் முழங்கால் அளவுக் கடல்,
மேலே ஒன்றுமில்லை.
கொக்குகள் திரும்பியும் பார்க்கவில்லை.

பாலம் முடிகிற இடத்தில் பொலிஸ்.
சார்ஜன்ட் அளவுநாடாவின் நுனியை என்னிடம் நீட்டினார்.
ஏணி வைத்து ஏறினேன்.
தார்த் தெருவிலிருந்து சுக்கான் அறையின் கூரைக்கு,
கூரையிலிருந்து அந்தோனியாரின் தலைக்கு.
அனுமதிக் கடதாசியில் ஓர் எண்,
நாடாவில் இன்னோர் எண்,
நடுவில் நாலு விரற்கடை.
"நாலு விரல்தானே ஐயா" என்றான் பிலேந்திரன்.
"ஆருடைய விரல்?" என்றார் அவர்,
பிழையில்லாத தமிழில்.

படகுக்காரர் சூசைமுத்து ஒன்றும் பேசாமல்
திருகாணிகளைக் கழற்றினார்.
கைக்குழந்தையோடு இறங்கினார் அந்தோனியார்.
இன்னும் ஒரு விரற்கடை.
அதைக் கழற்ற ஆணி இல்லை.
பிலேந்திரன் குந்தியிருந்து
பத்துச் சில்லுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாய்
காற்றைத் திறந்துவிட்டான்.
ஸ்ஸ் என்றபடி
சட்டத்துக்குள் இறங்கியது படகு.
நான் மூங்கிலையும் நாலு விரற்கடை இறக்கிக் கட்டினேன்.

சுழிபுரத்தில் திருவிழாப் பல்புச் சரம்.
பண்டத்தரிப்பில் ஒரு மாங்கொப்பு,
காய் விழுந்தால் காசு கேட்பேன் என்று அதன் சொந்தக்காரர்.
ஒரு காய் விழுந்தது. கொடுத்தோம்.
இந்தத் தெருக்களில் யார் வீடு எது என்று கேட்காதீர்கள்.
எந்த இடத்தில் வானம் பதிவு என்று கேளுங்கள், சொல்கிறேன்.

இளவாலைக்குக் கிட்ட, ஒழுங்கை முகப்பில்,
மணி கிலுங்கியது.
அக்கா வீட்டிலிருந்து தங்கச்சி வீட்டுக்கு
தெருவுக்குக் குறுக்கே இழுத்த வயர்,
ஈரச் சீலை போட்ட கொடிபோல் நடுவில் தொய்ந்து.
படகு அளவுப்படி வந்திருந்தது.
வயரை யாரும் அளந்ததில்லை.

தங்கச்சி வந்தாள். கழற்று என்றாள்.
அக்கா வந்தாள். மாட்டேன் என்றாள்.
ஆறு மாதமாகக் கதையில்லையாம் இருவருக்கும்,
கரண்ட் மட்டும் போகிறது.
"கழட்டினா உன்ரை பிறிட்ஜுக்குள்ள கிடக்கிற மீன்?"
"என்ரை மீனை எனக்குத் தெரியும்."
"பாரை எண்டால் கெதியாப் பழுதாப் போகும்."
"பாரை எண்டு உனக்கு ஆர் சொன்னது?"
பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது.
இருவரும் ஒன்றாகத் திரும்பி
பஸ்காரனை ஏசினார்கள்.

நான் காய்ந்த மூங்கிலால்
வயரைத் தூக்கிப் பிடித்தேன்.
கீழால் நகர்ந்தது படகு,
ஒரு சாண், ஒரு முழம்,
முப்பத்தெட்டு அடி.
தோள் விட்டுப்போனது.
லொறியின் முன்சீற்றில், சூசைமுத்துவின் மடியில்,
அந்தோனியார் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி போனார்.

மயிலிட்டியில் அதைக் கடலுக்குள் இறக்கியதை நான் பார்க்கவில்லை.
பிலேந்திரனோடு சில்லுக்குக் காற்றடிக்கக் கடை தேடினேன்,
பாணும் சம்பலும் தின்றேன், காசு எண்ணினேன்,
மாங்காய்க் காசைக் கழித்திருந்தார்கள்.

இரவு வீட்டுக்கு வந்து
மூங்கிலைச் சுவரில் சாத்திவிட்டு
கதவைத் திறந்து
குனிந்து உள்ளே போனேன்.
நிலை என் தலைக்கு மேலே
ஒரு முழம் உயரத்தில் இருந்தது.