பதினேழாம் கேள்வி

மதுரையிலிருந்து படிவம் வந்துவிட்டது.
சிறுவயதில் என்னை அறிந்தவர் யாராவது
பதில் சொல்ல வேண்டுமாம்.
அம்மா இல்லை.
அப்பாவைக் கேட்டால்
‘சத்தமே போடாத பிள்ளை’ என்பார்.
சத்தம்தான் என்னைப் போட்டு அடித்தது.

நாற்பத்தொரு வயதில்
தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில்
கட்டி உடைக்கும் எந்திரம் ஓடுகிறபோதெல்லாம்
பில்களை அடுக்குகிறேன்,
நான்கு மூலையும் பொருந்தும்வரை.
‘பிலோமி மேடத்துக்குக் கோவம்’
என்கிறான் சந்தியாகு.
கோபம் இல்லை.

சூசை அண்ணனுக்குப் போன் போட்டேன்.
கடலுக்கு டோக்கன் தராத நாள்,
வலை தைத்துக்கொண்டிருந்தான்.

‘டாக்டர் என்ன செய்வாக?’
‘இது என்னன்னு பேர் சொல்லுவாக.’
‘ஞானஸ்நானத்துல வச்ச பேரு பத்தாதா?’

பதினேழைப் படித்தேன்:
உரத்த ஒலிகள் வருத்தியதுண்டா?

கொஞ்ச நேரம் காற்று மட்டும் இரைந்தது.

‘ஏலக் கொட்டகைக்கு என்னைய எதுக்குக்
கூட்டிட்டுப் போனாகன்னு நெனச்ச?
ஒங் காதைப் பொத்தத்தான்.
கையில மீன் நாத்தம்னு
அதுக்கும் அழுவ.’

எப்போதும், சிலசமயம், இல்லை:
மூன்று சின்னக் கட்டங்கள்.
அவன் கைகள் எதிலும் அடங்கவில்லை.
டிக் மட்டும் போட்டேன்.

நாளை ஆறு மணிக்கு பஸ்.
பாம்பன் பாலத்தில்
விளக்குக் கம்பங்களை எண்ணுவேன்.
தெரிந்த எண்தான்.