வித்தியாசம்

ரங்கூன் அரிசி நின்றுபோன மறுவருஷம்
எனக்கு வேலை மூன்று பத்தி எழுதுவது.
கொள்முதல், படி ஐந்தேகாலணா.
விற்பனை, மூணேமுக்காலணா.
மூன்றாவது பத்திக்கு மட்டும் சிவப்பு மை:
வித்தியாசம், ஒண்ணரையணா.
‘அதை சர்க்கார் தாங்கும்’ என்பார்
ஹெட் கிளார்க் ராகவாச்சாரி,
மூக்குப்பொடி விரலை வேட்டியில் துடைத்தபடி,
சர்க்காருக்கு ஏதோ இடுப்பு இருப்பது போல.

எந்த யுத்தம், யாரோடு யார் என்று
திருப்பாப்புலியூர் டிப்போவில் யாரும் கேட்டதில்லை.
ஏன் இத்தனை கல்லு, ஏன் கோதுமை,
தலைக்கு எட்டு அவுன்ஸ் என்றால்
அவுன்ஸுக்கு எத்தனை ஆழாக்கு,
இதுதான் கேள்வி.
மலிவு அரிசிக்கும் காசில்லாதவர்கள்
கார்டை வாடகைக்கு விட்டார்கள், வாரம் ஓரணா.
வீட்டில் கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டு
என் தாளில் மட்டும் அரிசி சாப்பிட்டார்கள்.
அதற்குப் பத்தி இல்லை.

அப்படி ஐந்து கார்டு வைத்திருந்தாள்
வண்டிப்பாளையத்துப் பூங்காவனம்.
பெண்ணையாறு தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டி,
முள்ளோடையில் பிரெஞ்சுக்காரன் எல்லை.
புதுச்சேரியில் அதே படி ஏழணா.
எங்கள் சர்க்கார் தாங்கிய ஒண்ணரையணா
அவள் வயிற்றில் ஏறி, நடந்தே
வேறொரு கொடிக்குக் கீழே போயிற்று.

ஆடியில் அகப்பட்டாள்.
மாசத்தில் ஒரு வாரம் எனக்குச் சாவடியில் டூட்டி.
காற்று முந்தானையைப் பிடித்து இழுக்க
எட்டு மாச வயிறு முடிச்சவிழ்ந்து
அவள் பாதத்திலேயே கொட்டியது.
பியூன் காசிலிங்கம் சொன்னான், ‘சுகப்பிரசவம்.’
நானும் சிரித்தேன்.
நாலு படி. பறிமுதல்.
சர்க்காருக்கு ஆறணா மீட்டோம் என்று
கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கினேன்.
மண்ணில் சிந்தியதையாவது கேட்டாள், கோழிக்கென்று.
கோழியெல்லாம் கிடையாது இவளுக்கு என்றான் காசிலிங்கம்.
கொடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் மறுபடி வந்தாள்.
அதே வயிறு.
ஒரு கை முதுகில் ஊன்றியிருந்தது.
காசிலிங்கம் ஆணியிலிருந்து குத்தூசியை எடுத்தான்,
மூட்டையில் செருகி
உள்ளங்கைக்கு மாதிரி வாங்குகிற
அந்தப் பள்ளமான இரும்பை.
அவள் பின்வாங்கவில்லை.
அவனைப் பார்க்கவுமில்லை.
என்னிடம் கேட்டாள்:
‘சாமி, உள்ள இருக்கறதுக்குக் கார்டு உண்டுங்களா?’

ரூல் எனக்கு மனப்பாடம்.
பிறக்க வேண்டும். பதிய வேண்டும்.
அப்புறம் அரைப் பங்கு.
‘மாட்டுடா அதை’ என்றேன் காசிலிங்கத்திடம்.

அரிசியா, பிள்ளையா?
மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
குறுக்குக் கட்டையைக் குனிந்து கடந்தாள்,
வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு.
அரிசி கட்டியவளும் அப்படித்தான் தாங்குவாள்.

ரிஜிஸ்தரில் எழுதினேன்:
ஸ்திரீ ஒன்று. மூட்டை இல்லை.
சிவப்பு மைப் புட்டி அன்று கடலூரிலேயே இருந்தது.

தை பிறந்ததும் கார்டில் பேர் சேர்க்க மனுக்கள் வருகின்றன.
வண்டிப்பாளையத்துக் கட்டைத் தனியே பிரித்து
தாள் தாளாகப் புரட்டுகிறேன், இன்றைக்கும்.
என்னய்யா தேடுகிறீர் என்கிறார் ராகவாச்சாரி.
ஒரு வித்தியாசம் சார்,
டாலி ஆகவில்லை.