சிவப்புக் குழாயில் குளிர்ந்த நீர்

ஜூன் மாத பில், நூற்றுப் பதினான்கு ரியால்.
இன்னாசி அதை இரண்டாக மடித்து
அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார்,
கனத்தில் அமுங்கிக் குறைந்துவிடும் என்பதுபோல.

வாதி கபீரில் எங்கள் வீட்டுக்கு
மூன்று பக்கமும் பாறை.
பகலெல்லாம் வெயிலைக் கடன் வாங்கும் மலை
இரவில் திருப்பிக் கட்டும், எங்களிடம்,
வட்டியோடு.
நள்ளிரவில் சுவரில் கை வைத்தால்
காய்ச்சல்காரன் நெற்றி.

"வாடகை வீட்டுக்கு யாராவது செலவு செய்வாங்களா?"
வீடு கல்ஃபானுடையது, சரி.
பில் யார் பெயரில் வருகிறது?
இன்னாசி கணக்கு எழுதுகிறவர்,
அதற்குமேல் பேசவில்லை.

முதலில் ஒரு ஊதுபத்தி கொளுத்தினேன்.
மாதா படத்துக்கு இல்லை.
மூடிய ஜன்னல்களின் ஓரமாக
மெல்ல, மிக மெல்ல நகர்த்தினேன்.
புகை எங்கே நெளிகிறதோ
அங்கே எங்கள் காசு வெளியேறுகிறது.
பென்சிலால் பதினோரு பெருக்கல் குறி.
ருவியில் சிலிகான் குழாய் எழுநூறு பைசா.
ஒவ்வொரு விரிசலிலும் விரல் நுனியால்
பிள்ளைக்கு மை தீட்டுவதுபோல் இழுத்தேன்.
கதவடி இடுக்குக்கு
இன்னாசியின் பழைய ஜீன்ஸ் கால், உள்ளே மணல்.

திரைச்சீலை போட்டு என்ன பயன்?
அதற்குள் வெயில் உள்ளே வந்து
சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுகிறது.
வேண்டாத விருந்தாளியை
வெளியிலேயே நிறுத்த வேண்டும்.
மேற்கு ஜன்னலுக்கு வெளியே
சாரத்தில் மிஞ்சிய பச்சை வலை கட்டினேன்.
அறை கொஞ்ச நாள் மீன்தொட்டி நிறமாக இருந்தது.

மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்க
ரொகிபுல் விடிகாலை நான்கரைக்கு வந்தான்.
இரண்டாம் நாள் ஏழு மணிக்கே
தான் அடித்த வெள்ளையே
கண்ணைக் குத்துகிறது என்று இறங்கிவிட்டான்.
இன்னாசியின் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தேன்.
வேலை முடிந்ததும் திருப்பித் தர மறந்தான்.
நான் நினைவூட்டவில்லை.

ஏசி வடிக்கும் நீர், மாலைக்குள் இரண்டு வாளி.
தரை துடைத்தது போக மிச்சத்துக்கு
எண்ணெய் டின்னில் ஒரு எலுமிச்சை.

செலவே இல்லாத வேலையைச் சொன்னவர்
எதிர்வீட்டு லிசியம்மா:
தொட்டி மாடியில் கொதிக்கிறது,
கீசர் உள்ளே நிழலில் சும்மா நிற்கிறது,
அதை அணைத்துவிடு.
அணைத்து, சுவிட்சின்மேல் டேப் ஒட்டினேன்.
மே முதல் செப்டம்பர் வரை
நீலக் குழாய் சுடும்
சிவப்புக் குழாய் குளிரும்.
இன்னாசிக்குப் பழக மூன்று வாரம்.
மூன்று வாரமும் குளியலறையிலிருந்து
ஒரு அலறல், பிறகு ஒரு "ஏசுவே".

ஆகஸ்ட் பில் எழுபத்தொன்று.
டப்பாவுக்கு அடியில் போகவில்லை,
ஃப்ரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழ்,
வருகிறவர்கள் பார்க்கும்படி.

அக்டோபரில் கல்ஃபான் வந்தார்.
மாடியேறினார். செருப்பைக் கழற்றி
மதிய வெள்ளையில் பாதத்தை வைத்தார்.
"பாரித்" என்றார், சிரித்து.
எத்தனை டின், எந்தக் கடை என்று கேட்டார்.
தேநீர் குடித்தார்.
சுவரில் புறங்கையை வைத்துக்கொண்டே
ஜனவரியில் மகனுக்குக் கல்யாணம் என்றார்.
அடுத்த வாக்கியத்துக்கு அவருக்கு
வெகு நேரம் பிடித்தது.

பெயின்ட் காசைத் தந்துவிட்டார். நல்ல மனிதர்தான்.
இன்னாசி பட்டியல் எழுதியபோது
ஊதுபத்தியையும் சேர்க்கவா என்றேன்.
அவர் நிமிரவில்லை.

வலையை அவிழ்க்கலாம்,
சிலிகானைப் பிய்த்தெடுக்க முடியாது.
எலுமிச்சை பூத்திருந்தது,
புது ஃபிளாட்டில் பால்கனி இல்லை.

சாவி கொடுக்கும் முன்
கீசருக்குக் கீழே ஓட்டின்மேல் மார்க்கரால்
எனக்குத் தெரிந்த கோணல் அரபியில் எழுதினேன்:
மே, செப்டம்பர், சிவப்பு, பாரித்.

ஜனவரியில் வருகிறவளுக்கு
அது ஏதோ கிறுக்கல்.
மே மாதம் ஒரு மத்தியானம்
நீலத்தைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டு
உதறியபடி
நிமிர்ந்து படிப்பாள்.