எட்டு வரிசைக்குள்

லேமிங்டன் ரோட்டில் ஜிக்னேஷ் கடையில் வாங்கினேன்
ஒன்றோடொன்று கோத்த நாலு சிவப்புச் சதுரம்.
மேலிருந்து கீழே எட்டு வரிசை,
குறுக்கே முப்பத்திரண்டு விளக்கு.
"என்ன எழுதப் போறீங்க?"
சொன்னேன்.
"ஏ பி சி டி எல்லாம் உள்ளேயே இருக்கு,
உங்க எழுத்தை நீங்கதான் போட்டுக்கணும்."
சில்லறை எண்ணும் விரல் நிற்கவில்லை.

போட்டுக்கொண்டேன்.
மகளின் கணக்கு நோட்டில்,
அவளுக்குத் தெரியாமல் கிழித்த ஒரு தாளில்,
நிரப்பிய கட்டம் ஒன்று, காலிக் கட்டம் பூஜ்யம்.
இ மட்டும் மூன்று ராத்திரி தின்றது.
சுழி திறந்தால் வாலுக்கு இடமில்லை,
வால் மடங்கினால் சுழி அடைத்துக்கொள்ளும்.
நல்லவேளை
இட்லியில் ழகரம் கிடையாது.

அவர் நைட் டியூட்டி போனதும்
அன்டாப் ஹில் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுச்
சாலிடர் வைப்பேன்.
புகை நேரே மூக்குக்குத்தான் வரும்.
முதல் முறை எரிந்தபோது
கண்ணாடியில் பார்த்தமாதிரி இடம் வலம் மாறி,
அடுத்த முறை தலைகீழாய்,
அதற்கடுத்த முறை
இட்லி.

சயான் ஸ்டேஷன் வாசல். காலை ஐந்தரை.
எசக்கிமுத்து அண்ணன் ஆவிக்கு நடுவே பார்த்தார்.
"ஓடுமா தாயி, சினிமாப் பேர் மாதிரி?"
ஓட வைக்கலாம் என்றேன்.
"வேண்டாம். நான்தான் ஓடுதேன்,
அதாவது நிக்கட்டும்."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"முனிசிபாலிட்டி வண்டி வந்தா
சட்டுனு அணையுமா?"

பதினாலு ராத்திரி நான்
எரிவதைப் பற்றியே யோசித்திருந்தேன்.
மறுநாள் ஒரு ஸ்விட்ச் வைத்தேன்,
அடுப்புக் குமிழுக்குப் பக்கத்தில்,
ஒரே வீச்சில் இரண்டையும் அணைக்கத் தோதாக.

ஆனி, ஆடி. மழை எங்கே எப்படி நுழைந்ததோ,
முதல் வரிசையில் ஒரு விளக்கு செத்தது.
இருநூற்று ஐம்பத்தாறில் ஒன்று.
அது ட-வின் தலையில் இருந்தது.
இடலி, இடலி என்று ஒன்பது நாள் எரிந்தது வண்டி.
மராத்திக்காரர் சாப்பிட்டார், பீகார்க்காரர் சாப்பிட்டார்,
சட்னி இன்னும் ஒரு கரண்டி கேட்டார்கள்.
பத்தாம் நாள் ஒரு டாக்சிக்காரர்
வாயில் இருந்ததை விழுங்காமலே சொன்னாராம்:
"அண்ணாச்சி, உங்க புள்ளியைக் காணோம்."

புதுச் சதுரம் நூற்று எண்பது ரூபாய்.
அண்ணன் மடியைத் தடவினார்.
இருங்கள் என்று
வண்டியோரம் குந்தி லேப்டாப்பைத் திறந்தேன்.
என் இட்லிக்கு இருபத்தொன்பது நெடுவரிசைதான்,
மூன்று மிச்சம்.
ஒரு எண்ணை மாற்றினேன்.
சொல் முழுவதும் ஒரு விளக்கு தூரம்
வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது,
ரயில் பெஞ்சில் யாருக்கோ இடம் விடுவதுபோல.
புள்ளி அடுத்த விளக்கில் ஏறிக்கொண்டது.

செத்தது அங்கேயேதான் இருக்கிறது.
அந்த இடத்தில் இப்போது
எதுவும் எரியக் கூடாது.

"எதை மாத்தின?" என்று தேடித் தேடிப் பார்த்தார் அண்ணன்.
சொல்ல வாய் திறப்பதற்குள்
முனையில் ஹார்ன் கேட்டது.
குமிழ், ஸ்விட்ச்.
வண்டி இருட்டில் உருள
நான் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
பின்னாலேயே ஓடினேன்.
யூஎஸ்பி வயர் இன்னும் கழற்றவில்லை.