பக்கம் திருப்புகிறவன்

வவுனிக்குளத்துப் பக்கம் எருமை குறுக்கே வந்ததாம்.
லொறிக்காரன் பிறேக் அடித்த இடத்தில்
பியானோவின் வயிற்றுக்குள் ஏதோ முறிந்தது.
மல்லாவிக்கு வந்து இறக்கிப் பார்த்தால்
நடுவிலிருந்து வலப்பக்கம் ஐந்தாவது வெள்ளைக்கட்டை
அழுத்தினால் போகும், திரும்பி வரும்,
ஒன்றும் சொல்லாது.

கொழும்பிலிருந்து கூடவே வந்த சுருதிக்காரர் ஜுனைடீன்
நெஞ்சுவரை உள்ளே குனிந்து
முறிந்த சுத்தியலை எடுத்துக் காட்டினார்:
பென்சில் மொத்தம், தலையில் கம்பளித் தொப்பி.
சுப்பர் குளூ ஒட்டினார். மூன்று தட்டுக்குத் தாங்கியது.
"மிச்சம் எண்பத்தேழு இருக்குத்தானே" என்றார்,
தேத்தண்ணிக்குப் போனார்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவன்.
தேவாலயத்து ஆர்மோனியத்தில் பழகிய சுரக்குறிப்பு
இந்தப் பக்கத்தில் வேறொருவருக்கும் தெரியாதென்று
தாள் திருப்ப என்னைப் பிடித்தார்கள்.
வெள்ளைச் சேட்டு. நகம் வெட்டியாயிற்று.

'இளவேனில் இசைவிழா' என்று பதாகை.
இளவேனில் என்றால் எங்களுக்குப் பங்குனி வெயில்.
பாடசாலை மண்டபத்துத் தகரம்
பகலெல்லாம் குடித்த சூட்டை
இருட்டும்போது டக், டக்கென்று கக்கும்.
அரிவுவெட்டு முடிந்த கையோடு சனம் வந்திருந்தது,
கழுத்தில் இன்னும் நெற்சுணை.

மன்னார் எவஞ்சலின் லெம்பேட் முதலில்.
ஒத்திகையின்போது கேட்டிருந்தேன்:
"அந்தக் கட்டையை விட்டிட்டு வாசிப்பியளோ?"
"எழுதியிருக்கு, தம்பி" என்றார்.

எழுதித்தான் இருந்தது.
இரண்டாம் பகுதியில் மட்டும் நாற்பத்தொரு தரம்
(எண்ணினேன், தொழில் அது).
நாற்பத்தொரு தரமும்
எந்த விரலின் முறையோ அந்த விரலைக் கொண்டுபோய்
அதே கனத்தில், அதே நேரத்துக்கு வைத்தார்.
மெட்டு நடந்து வந்து
படியில்லாத இடத்தில் கால் வைத்து
விழாமல் அடுத்த படிக்குப் போனது.
இருபது தாண்டியபின் எனக்கு அது
கேட்கத் தொடங்கியது.
முன்வரிசையில் மீன்கடை சறோசினி
அந்த இடம் வரும்போதெல்லாம் உதடு அசைத்தா.
வெளியே ஒரு மயில் அகவியது.
நான் தாள் திருப்ப மறந்துபோனேன்.
அவரே இடக்கையால் திருப்பிக்கொண்டார்,
என்னைப் பார்க்கவில்லை.

சேரலாதன் பேர்கனில் பிறந்தவன்.
எங்கள் தமிழை மூக்கால் கதைப்பவன். ஜாஸ்.
தாள் கிடையாது, எனக்கு வேலையும் கிடையாது.
ஓரமாகக் கதிரை போட்டு இருந்தேன்.

நேரே அந்தக் கட்டையில்தான் தொடங்கினான்.
சத்தம் வராததை ஓங்கி அடித்தால்
மரம் மரத்தில் மோதும்: தொக்.
கூரை டக். இவன் தொக்.
ஜெனரேற்றர் பின்வளவில் பிடித்திருந்த ஒற்றைச் சுருதியை
இடக்கை போய்க் கூட்டிவந்தது.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
பிறகு அந்தப் பள்ளத்தைச் சுற்றி ஓடினான்,
விளிம்பில் வழுக்கினான், தாண்டினான்,
ஒரு தரம் வேண்டுமென்றே விழுந்தும் காட்டினான்.
ஜுனைடீன் தலையை இல்லை இல்லையென்று ஆட்டினார்.
செருப்பு மட்டும் தாளம் போட்டது.
திரைக்கு இப்பால் எவஞ்சலின் கண்மூடி இருந்தார்.
தொக்கென்ற ஒவ்வொரு தரமும்
அவர் மடியில் ஒரு விரல்
மெல்ல அழுந்தி எழுந்தது.

"எதுக்கெண்டு கை தட்டினனான் தெரியேல்லை"
என்றபடி சறோசினி சைக்கிளை உருட்டிக்கொண்டு போனா.
லொறியில் ஏற்ற எட்டுப்பேர் பிடித்தோம்.
மூடிக்குள் விழுந்திருந்த வேப்பம்பூவோடு
பியானோ போனது.

சுத்தியல் என் சேட்டுப் பையில் தங்கிவிட்டது.

பேரேட்டில் தொகையில்லாத இடத்தில்
கோடு கீறுவதுதான் சங்கத்து வழக்கம்.
இன்று காலை அப்படி ஓரிடத்தில்
பேனையை வைத்து,
மற்ற இலக்கங்களுக்குக் கொடுத்த அதே கனத்தில் அழுத்தி,
எடுத்தேன்.

ஒரு புள்ளி விழுந்திருக்கிறது.
ஆடிட்டர் கேட்பார்.