மூன்றாம் வரிசையில் சிறு இடையூறு

விமர்சனம் வந்துவிட்டது.
கோவைப் பதிப்பு, ஏழாம் பக்கம்,
யூரியா தட்டுப்பாட்டுக்கும் தங்கம் விலைக்கும் நடுவே
ஒரு சாண் இடம்.

அந்தக் காலத்து 'எட்டாம் வாயில்'
கோத்தகிரியில் மறுபடி எழுந்து நின்றதாம்.
நின்றது உண்மை.
தொழிற்சங்கக் கட்டடத்து மாடியில்,
ஜூலைக் குளிரில்,
நூற்றுப் பத்து நாற்காலிக்கு எழுபது பேர்.

"பனிப்புகை இயந்திரத்தை
இயக்குநர் சற்று அடக்கியிருக்கலாம்."
போஜன் மாஸ்டர் இதை மூன்று முறை படித்துவிட்டு
உடைந்த ஜன்னலைப் பார்த்தார்.
மேகம் சார் அது.
கொடநாட்டுப் பக்கமிருந்து ஏறி வந்து
கண்ணாடி இல்லாத சட்டத்தில் நுழைந்து
மந்திரியின் தாடிக்குள் தங்கிவிட்டது.
அணைக்க எங்களிடம் சுவிட்ச் இல்லை.

"ராணியின் உடல்மொழியில் ஒரு கனம்."
இரண்டு ஸ்வெட்டர்.
பட்டுக்கு அடியில் ஒன்று, அதற்கும் அடியில் ஒன்று.
ஹேமலதா தபாலாபீசில் முத்திரை குத்துகிறவள்;
அந்தக் கையை வைத்துத்தான் ஆணையிட்டாள்.

"கோட்டைக் கதவில் ஆங்கில எழுத்துகள்:
துணிச்சலான பின்காலனிய வாசிப்பு."
தேயிலைப் பெட்டிப் பலகை.
ஆணியடித்த பையன் திருப்பி அடித்துவிட்டான்.
நிகர எடை நாற்பத்தாறு கிலோ என்று
கோட்டை அன்று முழுக்கச் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் இதில் எங்கும் இல்லை.
இருக்கக் கூடாது, அதுதான் என் வேலை.
பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து
மறந்தவர்களுக்கு அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பவள்.

ஆனால் கடைசிப் பத்தி என்னுடையது.
"போருக்குப் போன மகன் திரும்புமுன்
வாயிலை அடைக்கச் சொல்லும் இடத்தில்
நாற்பது நொடி மௌனம்.
தமிழ் மேடை இதற்காகத்தான் காத்திருந்தது."

தமிழ் மேடை காத்திருந்ததோ என்னமோ,
ஹேமலதா எனக்காகக் காத்திருந்தாள்.
கரண்ட் போயிருந்தது.
மேடை முன்னால் ஒரு பெட்ரோமாக்ஸ்,
என் மடியில் இருட்டு.
ஒரே சொல்: சாத்துங்கள்.
ஆறு வாரம் ஒத்திகையில் கேட்ட சொல்தான்.
புத்தகத்தில் தேடினேன், நாக்கில் தேடத் தோன்றவில்லை.

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து
கம்பளியை இழுத்துப் போர்த்தியபடி ராக்காயி சொன்னாள்,
"சாத்தாதம்மா."
சத்தமாகக்கூட இல்லை.
அடுப்பைப் பார்த்துச் சொல்வதுபோல.

ராணி கதவைப் பார்த்தாள்.
எழுபது பேரும் கதவைப் பார்த்தோம்.
நிகர எடை நாற்பத்தாறு.
பிறகு அவளே எங்கிருந்தோ அந்தச் சொல்லை எடுத்து
மெதுவாகச் சொன்னாள்.
பலகை அடைத்தது.

விமர்சகர் இதற்குத் தந்தது ஒரு வரி:
பார்வையாளர் ஒருவரால் சிறு இடையூறு.

ராக்காயி பேப்பர் வாங்குவதில்லை.
மண்டபம் முகாமில் பெயர் பதிந்து மலையேறியவள்.
ஒரு மகன் தலைமன்னார்க் கரையிலேயே நின்றுவிட்டானாம்,
பக்கத்து லைன்காரர்கள் சொன்னார்கள்,
அவள் சொன்னதில்லை.
மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில்
மந்திரி அசல் நம்ம கங்காணி நடை என்று
பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது
அவள் மட்டும், "ராணி எங்க சாத்தச் சொன்னா?
வாய்தான் சொல்லுச்சு," என்றாள்.
மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை இரண்டாம் காட்சி.
பேப்பரைப் பார்த்துவிட்டுக்
குன்னூரிலிருந்து ஜீப் பிடித்து வந்தார்கள்.
ஜன்னலுக்கு அட்டை ஒட்டியாயிற்று.
கதவு சரியான பக்கம் திரும்பிவிட்டது.
மௌனம், நாற்பது நொடி என்று
மாஸ்டர் பிரதியில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.
ஹேமலதா எண்ணினாள்.
உதடு அசைவது எனக்குத் தெரிந்தது.
என் மடியில் டார்ச் எரிந்தது.
ராக்காயிக்கு ஃபாக்டரியில் ராத்திரி ஷிப்ட்.
அவள் நாற்காலியில் யாரோ கேமராவோடு.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.

நல்ல மௌனம். ஒருவரும் இருமவில்லை.
கைதட்டல் படிக்கட்டு வரை வந்தது.

புத்தகத்தை மூடுமுன்
பக்க ஓரத்தில் பென்சிலால் சேர்த்தேன்:
ராக்காயி: சாத்தாதம்மா.
(சத்தமாக அல்ல.)